பையின் வாயில் வெள்ளை நூல்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஒரு தியான இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் செல்லாண்டியம்மாள். வயது நாற்பத்தைந்து. குன்னூரில் டிரை கிளீனிங் கடை வைத்திருந்தவரின் மகள். அவரிடம் சீடர்களாக வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள்.

அவர்களில் ஒருவர் சிதம்பரதாணு. நாகர்கோவில்காரர். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் இங்கே வந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி கொண்டுவந்தார். அதை அவர் திறந்து யாரும் பார்த்ததில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்லாண்டியம்மாளிடம் வந்தார்.

"பற்று எப்படிம்மா விடும்?"

"எது மேல?"

அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு கோட்டும் பேன்ட்டும். கருநீலம். நல்ல கம்பளித் துணி. உறையின் உட்புறம் வியர்த்திருந்தது. கோட்டின் காலரிலும் தோளிலும் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது.

"இதை எரிச்சிடலாம்னு இருக்கேன்."

செல்லாண்டியம்மாள் கோட்டை வெளியே எடுத்தார். கோட்டின் பைக்குள் கையை விடப் பார்த்தார். போகவில்லை. பையின் வாய் வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. மடிப்புக் கலையாமல் இருக்கத் தையல்காரர் போடுகிற நூல். முதல் தடவை போடும்போது பிரித்துவிடுவார்கள்.

"நீங்க இதைப் போட்டதே இல்லையா?"

"இல்ல. மக கல்யாணத்துக்குன்னு என் வீட்டுக்காரி தைக்கக் கொடுத்தது. நாங்க பார்த்த மாப்பிள்ளைய வேண்டாம்னு வடிவு வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. வேற ஜாதி. நான் போகல. அவ அம்மாவையும் போக விடல."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒம்பது."

செல்லாண்டியம்மாள் கோட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எரிக்கலாம். முதல்ல சுத்தம் பண்ணுங்க."

"எரிக்கப் போறதை எதுக்கும்மா சுத்தம் பண்ணணும்?"

"எதை எரிக்கிறோம்னு தெரிய வேண்டாமா?"

அன்றே வேலை தொடங்கியது. வீட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கம் ஒரு கயிறு கட்டினார்கள். கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோள் தொங்கிவிடும் என்று செல்லாண்டியம்மாள் சொன்னதால், சிதம்பரதாணு தன் துண்டைக் கிழித்துக் கம்பியின் மேல் கனமாகச் சுற்றினார். பிறகு மெத்தென்ற பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அழுத்தாதீங்க. நீங்க ரோடு போடல."

அவர் கையைத் தளர்த்தினார்.

"மேலேயிருந்து கீழே. ஒரே பக்கமா."

ஐந்து நாட்கள் பூசண வாடை போகவில்லை. தினமும் சிறிது நேரம் இளவெயில், மற்ற நேரம் நிழல். ஆறாம் நாள் சிதம்பரதாணு பேன்ட்டின் மேல் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தார். மடிப்பு மறுபடி கத்திபோல் நின்றது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் கோட்டின் இடது கை உள்மடிப்பில் ஒரு சிறு ஓட்டையைக் கண்டுபிடித்தார். கோட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார்.

"பூச்சி அரிச்சிருக்கும்மா. பெட்டியப் பூட்டித்தான வச்சிருந்தேன். பாச்சா உருண்டைகூட போட்டிருந்தேன்."

"யாரும் தொடாத துணியிலதான் பூச்சி குடியேறும்."

"அப்போ எப்படிக் காப்பாத்துறது?"

"போட்டுக்கணும். கழட்டி, தட்டி, காத்தாட மாட்டணும். மறுபடியும் போட்டுக்கணும்."

சிதம்பரதாணு ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு நின்றார். எரிப்பதைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

மறுநாள் காலை கோட்டும் பேன்ட்டுமாக வந்து நின்றார். ஒன்பது வருடத்தில் உடம்பு இளைத்திருந்தது. இடுப்பில் பெல்ட்டைக் கடைசித் துளைவரை இழுத்திருந்தார்.

"ஒரு கத்தரிக்கோல் வேணும்."

செல்லாண்டியம்மாள் கொடுத்தார். அவர் பையின் நூலை ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டிய நூலை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். செல்லாண்டியம்மாள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"கோயம்புத்தூருக்கு. வடிவு அங்கதான் இருக்கா."

அவர் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் மாலை திரும்பி வந்தார். கோட்டின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் காபிக் கறை. செல்லாண்டியம்மாள் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தாரு. உள்ள வாங்கன்னு நாற்காலி போட்டாரு. நல்ல மனுஷன்."

"மக?"

"வந்து நின்னா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. அம்மா செத்ததை ஏன் சொல்லலன்னு."

"நீங்க சொல்லலையா?"

"இல்ல. எரிச்சு முடிச்சு மூணு மாசம் கழிச்சு வேற யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டாளாம்."





வெளியே தேயிலை பறித்தவர்கள் கூடைகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"கிளம்புறப்போ காபி கொண்டுவந்தா. வாங்கும்போது கொட்டிடுச்சு. அவ விட்டாளா, நான் பிடிக்கலையான்னு தெரியல. ஓடிப்போய் ஒரு துணி எடுத்துட்டு வந்து துடைச்சா. பாதியில நிறுத்திட்டு, துணிய என் மடியில போட்டுட்டு உள்ள போயிட்டா. திரும்பி வரல."

கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"இந்தக் கறை போகுமாம்மா?"

செல்லாண்டியம்மாள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"தேய்க்காதீங்க. தேய்ச்சா உள்ள இறங்கிடும். பச்சைத் தண்ணியில துணிய நனைச்சு ஒத்தி எடுங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்."

"முழுசாப் போயிடுமா?"

"தெரியாது. காஞ்சதும் போட்டுக்கிட்டு மறுபடியும் போங்க."