பாட்டு விட்ட பயிற்சியாளர்

எங்கள் மில் கபடி அணிக்கு, எதிரணிக்குள் பாடிப் போகும் ஆட்டத்தைத் திருத்தவென்றே புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்தார். பெயர் ஞானசிகாமணி. வந்த அன்றே ஒரு சட்டம் போட்டார்.

“இனிமே பாடிப் போறவன் ஒருத்தனையாவது தொட்டுட்டுத்தான் திரும்பணும். வெறுங்கையோட வந்தா அணியிலயும் இடமில்ல, மில்லுலயும் வேலை இல்ல.”

கபடியால்தான் எங்களுக்கு அந்த வேலையே. எதிரே ஏழு பேர் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் எவனால் தொட முடியும்?

முதலில் வெறுங்கையோடு திரும்பி மாட்டியவன் பிச்சாண்டி. மாற்று ஆட்டக்காரன், ஒல்லி. கையெடுத்துக் கும்பிட்டான்.

“சார், நீங்க ஒரு தடவை பாடிக் காட்டுங்க. சட்டம் உங்களுக்கும் உண்டுதானே?”

“உண்டுடா! போய் எதிர்ல நில்லு!”

“கபடி கபடி” என்று அவர் கோட்டைத் தாண்டினார். எதிரே நின்ற நாங்கள் பயந்து பின்வாங்கினோம். பிச்சாண்டி மட்டும் இடுப்பில் கைவைத்து, பந்தியை மேற்பார்வையிடும் கல்யாண வீட்டுக்காரன்போல் நின்றான்.

“சார், இப்படி நிக்கலாமா?”

அந்த மனுஷனால் திட்டாமல் இருக்க முடியுமா?

“அறிவுகெட்டவனே, முட்டியை மடக்குடா!”

“பாட்டு விட்டுட்டீங்க, சார்,” என்றான் பிச்சாண்டி மெதுவாக. “மூச்சு நடுவுல பேசினா அவுட்டு. யாரையும் தொடவும் இல்ல.”

அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது.

“அந்தச் சட்டம்…” என்று இழுத்தார்.

“எந்தச் சட்டம், சார்? நீங்க ஒண்ணும் சொல்லலையே,” என்றான் பிச்சாண்டி.

“ஆமா, நான் எங்க சொன்னேன்?” என்றார் அவசரமாக.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் அவர் சொன்னார். என் காதால் கேட்டேன்.