அறுபத்து மூன்றாவது வீடு

குருவம்மாள் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர், பட்டம் இல்லை. கண்மாய்க் கரையில் ஓர் ஓட்டுச் சாய்ப்பில் இருந்தார். வயது நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு. மனதில் எதையாவது சுமந்துகொண்டு வருகிறவர்கள் அவரிடம் கேட்டுத் தெளிந்து போவார்கள்.

அவர்களில் மூத்த சீடர் சொக்கையா. அறுபது வயது. கண்மாய்ச் சங்கத் தலைவர். தலைமடையில், அதாவது தண்ணீர் முதலில் பாய்கிற இடத்தில், எட்டு ஏக்கர் வயல். தன்னைவிடச் சின்னவளிடம், அதிலும் ஒரு பொம்பளையிடம் போய் இந்த வயதில் என்ன படிப்பு என்று ஊர் கேலி பேசியதை அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷர்தான்.

அன்று துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, எல்லாரும் சமம்னு சொல்றீங்க. ஒத்துக்கிறேன். ஆனா சமம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் இழுத்தா எங்க போறது?”

“எங்க வந்து இழுக்குது அண்ணே?”

“இருளாயிகிட்ட.”

இருளாயி அந்த ஊர் நீர்க்கட்டி. மடையைத் திறந்து, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. தலைமுறை தலைமுறையாக அது கீழத்தெருக்காரர்கள் வேலை. ஏன் என்று கேட்டால் ஊர் பெருமையாகச் சொல்லும்: அவர்களுக்கு நிலம் கிடையாது, அதனால் ஓரவஞ்சனையும் கிடையாது. நிலம் ஏன் கிடையாது என்று யாரும் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் இருளாயியின் அப்பன் செத்தபோது, மடைச் சாவி ஒரு பொட்டச்சி கைக்கா என்று ஊர் குதித்தது. சொக்கையாதான் ஒற்றை ஆளாய் நின்று வாங்கிக் கொடுத்தார். அதில் அவருக்கு இன்றைக்கும் ஒரு பூரிப்பு உண்டு.

“அவ இப்பக் கடைமடையில நாப்பது சென்ட் வாங்கிட்டா. ஆடு குட்டியெல்லாம் வித்து வாங்கிருக்கா. சந்தோசந்தான். ஆனா நீர்க்கட்டிக்கு நிலம் இருக்கக் கூடாதுங்கிறது வழக்கம். சொந்த வயலு வந்துட்டா கை தன்னால அங்கதான போகும்? நாளைக்குக் கூட்டம். நிலத்தை வித்துரு, இல்ல சாவியக் குடுத்துருன்னு சொல்லப் போறாங்க. கை தூக்கி முடிவானதும் அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னோடது. இதுல சாதியும் இல்ல, ஆம்பள பொம்பளையும் இல்லம்மா. வெறும் நியாயம்.”

“உங்களுக்கும் வயலு இருக்கே. தலைவராவும் இருக்கீங்க. கை தன்னால அங்க போகலையா?”

சொக்கையா சிரித்தார். “நான் மடையத் தொடுறதே இல்லையே.”

“முறை எழுதுறது யாரு?”

சிரிப்பு நின்றது. முறை எழுதுகிறவர் அவர்தான்.

“வாங்க, கடைமடை வரைக்கும் நடந்துட்டு வருவோம்,” என்றார் குருவம்மாள்.

வாய்க்கால் கரையோடு முக்கால் மணி நேர நடை. சொக்கையா அந்தக் கோடிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. தலைமடைக்காரருக்குக் கடைமடையில் என்ன ஜோலி? வழி நெடுகப் பயிர் கரும்பச்சையாக நின்றது. கடைசி வயலில் மட்டும் பயிர் வாடிப் பழுத்து, மண் வெடிப்பு விட்டிருந்தது. இருளாயி மண்வெட்டியால் வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

“ஏ இருளாயி, இதா உன் வயலு? தண்ணி பாய்ச்சலையா?”

“முறை வரலைங்கய்யா. நாளைக்கழிச்சுத்தான். அதுக்கு முந்தி பெரியவீட்டு வயலு ரெண்டு கிடக்கு.”

“சாவி உன் இடுப்புலதான இருக்கு?”

“அது ஊருச் சாவிங்க.”

சொக்கையா குனிந்து அந்த வெடிப்பைப் பார்த்தார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. குருவம்மாள் பக்கம் திரும்பினார்.

“போதும்மா. இவ மனுசி இல்ல, தெய்வம். நாளைக்கு இதைச் சொல்லியே எல்லார் வாயையும் அடைச்சிருவேன். நிலத்தை இவளே வச்சுக்கட்டும்.”

“பயிரைக் காயப் போட்டாத்தான் நிலம் வச்சுக்கலாமா அண்ணே? அந்த எட்டு ஏக்கருக்கு நீங்க எதைக் காயப் போட்டீங்க?”

 

குருவம்மாள் இருளாயியைப் பார்த்துக் கேட்டார்: “கூட்டத்துக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சா?”

“ஆச்சும்மா. காலையிலயே அறுபத்திரெண்டு வீட்டுக்கும் போய்ட்டு வந்துட்டேன்.”

கூட்டம் என்றால், நிலம் உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று அழைப்பதும் நீர்க்கட்டியின் வேலைதான். தன் கைச் சாவியைப் பிடுங்கப் போகிற கூட்டத்துக்கு இருளாயியே ஊரெல்லாம் அழைத்துவிட்டு வந்திருக்கிறாள். அனுப்பி வைத்தவர் சொக்கையா. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“என்ன கூட்டம்னு தெரியுமா புள்ள?”

“தெரியுங்கய்யா. போன வீடுகள்ல நாலு பேரு அவங்களே சொன்னாங்க.”

“அண்ணே, இந்தக் கண்மாய்த் தண்ணி பாயுற நிலக்காரங்க மொத்தம் எத்தனை வீடு?” என்றார் குருவம்மாள்.

“அறுபத்திரெண்டு.” சொல்லிவிட்டுக் காலடியில் கிடந்த வயலைப் பார்த்தார். “அறுபத்து மூணு.”

“ஒரு வீடு விட்டுப் போச்சே.”

“விட்டுப் போகலைம்மா. கூட்டம்னா அவ எப்பவும் வர்றவதான. தூணோரமா நிப்பா.”

“நிக்கிறவளுக்குப் பேச்சு உண்டா?”

“கேட்டா பதில் சொல்லலாம்.”

அதற்கு மேல் அவரிடம் கேட்கத் தேவை இருக்கவில்லை.  சங்கத்து விதி சொக்கையாவுக்கு மனப்பாடம். கண்மாய்க்குக் கீழே ஒரு சென்ட் இருந்தாலும் அவர் உறுப்பினர். பாயில் உட்காரலாம், பேசலாம், கை தூக்கலாம். ஓர் உறுப்பினரை நிலத்தை விற்கச் சொல்ல மற்ற அத்தனை பேரும் சேர்ந்தாலும் முடியாது. தூணோரம் நிற்கிற நீர்க்கட்டியிடம்தான் எதையும் சொல்லலாம்.

“வீட்டு வாசல்ல போயி என்னன்னு சொல்லுவே இருளாயி?” என்றார் குருவம்மாள்.

“நாளைக்கு விடிஞ்சதும் சாவடியில கூட்டங்க, நீங்க வந்து உக்காரணும்னு தலைவரு சொல்லச் சொன்னாருங்க. அம்புட்டுத்தாம்மா.”

சொக்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். அறுபது வருஷத்தில் கீழத்தெருப் பெண் ஒருத்தியை அவர் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை. கெட்ட எண்ணம் என்று இல்லை, பழக்கம். கெட்ட எண்ணத்தைவிட அது கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை ‘நாளைக்கு’ என்பதோடு நாக்கு நின்றுவிட்டது. இரண்டாம் தடவைதான் முழுசாக வந்தது.

“நாளைக்கு விடிஞ்சதும் சாவடியில கூட்டம். நீங்க வந்து உக்காரணும்.”

இருளாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். முதலில் பயந்துதான் போனாள். அப்புறம் உதட்டோரத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர்கள் வழக்கமாகத் தன்னிடம் சொல்லி அனுப்பும் பதிலையே அவரிடம் சொன்னாள்.

“சரி. வர்றேன்னு தலைவர்ட்டச் சொல்லிருங்க.”

குருவம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். சொக்கையாவும் சிரித்துவிட்டார். ஆனால் காது மடல் சூடாகிவிட்டது.

இருவரும் திரும்பி நடந்தார்கள். சொக்கையாவை ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது.

“அம்மா, அவ வந்து உக்காந்துருவா. பேசவும் பேசுவா. நிலமும் நிலைச்சிரும். ஆனா சாவி? நானும் அவளும் கை தூக்கினா ரெண்டு. இன்னும் பத்துப் பேரு சேந்தாலே அதிசயம். நாளைக்கு அவ தோத்துட்டா?”

“நீங்க கூட்டத்துல தோத்ததே இல்லையா அண்ணே?”

“ஏன் இல்ல? கரை மராமத்துல தோத்தேன். மீன் குத்தகையில தோத்தேன். பாதி நாள் தோல்விதான்.”

“தோத்த மறுநாள் உங்க வயலு என்னாச்சு?”

“வயலுக்கென்ன? அது பாட்டுக்கு இருந்துச்சு.”

“நீங்க?”

“அடுத்த கூட்டத்துக்குப் போயி மறுபடியும் சண்டை போட்டேன்.”

குருவம்மாள் சொன்னார்:

“அப்படித் தோக்குறதுக்குத்தான் அண்ணே அவளைக் கூப்பிட்டிருக்கீங்க. ஜெயிக்கிறதை அவ பாத்துக்குவா.”