முந்திச் சொன்ன மதிப்பெண்

அன்று கூடத்தில் மில் முதலாளி சங்கரபாண்டியன், அவர் மனைவி, மகள், மருமகன், சம்பந்தி இருவர். அடுக்களையில் சமையல்காரி முத்துப்பேச்சி. டிவியில் நட்சத்திர நடனப் போட்டியின் இறுதிச் சுற்று நேரடியாக ஓடியது.

வாராவாரம் அடுப்படியில் சத்தம் மட்டும் கேட்டவள், இன்று கதவோரம் எட்டிப் பார்த்தாள்.

“ஆட்டத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்றார் முதலாளி. “நடுவருக்கு முந்தி மார்க்கைச் சொல்லு பார்ப்போம். சொல்லிட்டா, கடைசி ஆட்டத்தை என் நாற்காலியில உட்கார்ந்து பாரு.”

“எண்ணெய்ல வடை கிடக்கு ஐயா. அங்கேயிருந்தே சொல்றேன்.”

முதல் ஜோடி ஆடி முடித்தது. முதலாளி முப்பது என்றார். அடுக்களையிலிருந்து “இருபத்தஞ்சு!” என்று குரல் வந்தது. ஒரு மூச்சு கழித்து நடுவர்களும் இருபத்தைந்து என்றார்கள். அடுத்த ஜோடிக்கும் அவள் சொன்னதே வந்தது. சம்பந்தி கைதட்டினார்.

“எப்படி பேச்சி?” என்றார் முதலாளி.

“பக்கத்து வீட்டு டெய்லர் அந்தோணி அண்ணாச்சிக்குக் காது மந்தம், டிவியை அலற விடுவார். அது பழைய கேபிள் டிவி, நம்ம புது டிவிக்கு ஒரு மூச்சு முந்திச் சொல்லிடுது. பெரிய இடத்துக்குச் சேதி கொஞ்சம் தாமதமாத்தான் வரும் ஐயா.”

மனைவி முதலில் சிரித்தாள். முதலாளி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

கடைசி ஆட்டத்தை அவள் இமைக்காமல் பார்த்தாள். பிறகு மீந்த பத்து வடையில் ஒன்பதை, “நல்லா இருங்க அண்ணாச்சி” என்று சுவருக்கு மேலே நீட்டினாள். அவளுக்கு மிச்சம் ஒன்று.