காளைச்சுறா குறுக்கிட்ட கல்யாணம்

மணல்முக்கு ஊர்க்காரர்களிடம் அறிவு நிறையவே இருந்தது. ஒருவரும் அதை எடுத்துச் செலவு செய்ததில்லை. அந்த ஊர்த் தொம்மைக்கு அன்று கல்யாணம். கோயில் ஆற்றுக்கு அக்கரையில். பெண் மெற்றில்டாவும் அக்கரையில். நடுவில், கடலிலிருந்து ஏறி வந்த ஒரு சுறா.

மீன்துறை அதிகாரி ஒலிபெருக்கியோடு கரைக்கு வந்தார். "இதுக்குப் பேரு காளைச்சுறா. உப்புத்தண்ணி, நல்லதண்ணி ரெண்டுலயும் இருக்கும். முன்கோபி. கலங்கல் தண்ணின்னா என்ன ஏதுன்னு தெரியாமலே கடிச்சு வைக்கும். கடிக்கறதுக்கு முன்னாடி முட்டிப் பார்க்கும். ரொம்பக் கிட்ட வந்துட்டா மூக்குல ஓங்கி ஒரு குத்து விடுங்க." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தொம்மையும் அவன் தோழர்கள் லாசரும் கிறகோரியும் மணலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"தண்ணி கலங்கலா இருக்குல்லா, அதுதான் சிக்கல்," என்றான் லாசர்.

"அப்ப வடிகட்டிருவோம்," என்றான் கிறகோரி.

"ஆத்தையா?"

"பூராவும் எதுக்குல? நாம போற வழியை மட்டும்."

தொம்மைக்கு அது நியாயமாகப் பட்டது. வடிகட்ட நல்ல துணி வேண்டும். ஊரிலேயே நல்ல துணி அவன் இடுப்பில் இருந்த பட்டு வேட்டிதான். அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அரை டவுசரோடு நின்றான். வாளி வாளியாக மொண்டு, வேட்டியில் வடித்து, மொண்ட இடத்திலேயே பதனமாக ஊற்றினார்கள்.

வெயில் ஏறியதே தவிர ஆறு தெளியவில்லை. அக்கரையில் கோயில் மணி அடித்தது. தொம்மை படகை நோக்கி ஓடினான். மெற்றில்டா வேறு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டால்?

"கடிச்சாலும் கடிக்கட்டும், வள்ளத்தைத் தள்ளுங்கல!"

பாதி ஆற்றில் 'டம்' என்று ஓர் இடி. வள்ளம் ஆடியது.

"முட்டிப் பாக்குது," என்றான் லாசர் பயபக்தியோடு.

"பாக்கட்டும். நானும் பொண்ணு பாக்கப் போனன்னைக்கு முடிவு சொல்லலியே, ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்னுதான சொன்னேன்," என்றான் தொம்மை.

"நம்மளைப் பிடிக்காமப் போனாத்தான நமக்கு நல்லது?" என்றான் கிறகோரி.

மூவரும் முகத்தை முடிந்தவரை கோணலாக வைத்துக்கொண்டார்கள். மறுபடியும் 'டம்'. இந்த முறை துடுப்புக்குப் பக்கத்திலேயே துடுப்பை விட அகலமான மூஞ்சி.

"கிட்ட வந்துட்டு! மூக்குல குத்து!" என்று கத்தினான் லாசர்.

கிறகோரி ஓங்கிக் குத்தினான். தொம்மை வள்ளத்துக்குள் மல்லாந்து விழுந்தான்.

"என்னைய ஏம்ல குத்துன?"

"யாரு மூக்குன்னு அதிகாரி சொல்லலியே மாப்ள. அது மூக்கு தண்ணிக்குள்ள போயிட்டு. ஒம் மூக்கு தோதா இருந்துச்சு."

சுறா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

கோயில் வாசலில் மெற்றில்டா மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கு கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது.

"வேட்டி எங்க?"

"ஆத்தை வடிகட்டினோம்."

அவள் யோசித்தாள். "தெளிஞ்சுதா?"

"இல்ல."

"பட்டுல எப்படித் தெளியும்? காடாத் துணில்லா வேணும்."

தொம்மைக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மைத்துனனின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு தாலி கட்டினான்.

விருந்து முடிந்ததும் மெற்றில்டாதான் கேட்டாள்: "அந்தச் சுறா தெரிஞ்சா வந்திருக்கும்? இது ஆறுன்னு யாராவது அதுகிட்டச் சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை. உடனே ஒரு பலகையில் 'இது ஆறு. கடல் அந்தப் பக்கம்' என்று எழுதி, அம்புக்குறி போட்டு, கயிற்றில் கட்டி ஆற்றில் மிதக்க விட்டார்கள். அதன்பின் சுறாவைக் காணோம்.

"படிச்ச மீனு," என்றான் லாசர்.

கயிறு அறுந்து பலகையும் போனதை யாரும் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து மூவரும் ஆழ்கடலில் வலை விரிக்கப் போனார்கள். சுற்றிலும் தண்ணீர், கரை கண்ணில் இல்லை. வலையைப் போடத் தூக்கிய நேரம் பார்த்து ஒரு பலகை மிதந்து வந்தது. தொம்மை எழுத்துக் கூட்டி வாசித்தான். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"நல்லவேளைல! ஆத்துக்குள்ள வலை போடப் பாத்தோமே!"

வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, அம்பு காட்டிய பக்கம் வள்ளத்தைத் திருப்பினார்கள். அலை அம்பைத் திருப்பும்போதெல்லாம் அவர்களும் திருப்பி, பொழுது சாயும்வரை கடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.