வியாழக்கிழமை அறை

ஆனைமலை அடிவாரத்தில், மருத்துவமனைகள் கைவிட்டவர்களுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. அதை நடத்திய திலகவதி அம்மைக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் உபதேசம் பெற்றவர்களில் மூத்தவர் மாசிலாமணி, வயது அறுபத்திரண்டு. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பொற்கொடி அந்த இல்லத்தின் கடைசி அறையில் படுத்திருந்தாள்.

மாசிலாமணியின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரைப் பெட்டி இருக்கும். ஏழு கிழமைக்கும் ஏழு அறைகள். ஒவ்வோர் அறையிலும் இரண்டு மாத்திரை, ஒரு துண்டு கறுப்புச் சாக்லேட். மாலை நான்கு மணிக்கு மூன்றையும் ஒன்றாக வாயிலிட்டுத் தண்ணீரால் விழுங்குவார். எதிரே யார் இருந்தாலும் சொல்வார்: "இருதயத்துக்கு நல்லதுங்க. ரத்தக் கொதிப்பு அடங்கும். நீங்களும் பழகிக்கணும்."

ஒரு புதன்கிழமை அவர் அம்மையிடம் வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். பொற்கொடி என் சாக்லேட்டுல ஒரு துண்டு கேட்கிறா. கொடுக்கலாமா?"

"ஏன் கொடுக்கக் கூடாது?"

"சக்கரை முந்நூறு இருக்குதுங்க."

"டாக்டர் அவங்களுக்கு எத்தனை நாள் சொன்னார்?"

"பத்து."

"சொல்லி?"

"எட்டு நாள் ஆச்சு."

அம்மை கையை நீட்டினார். மாசிலாமணி பெட்டியைக் கொடுத்தார். அம்மை அன்றைய துண்டை எடுத்து இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைத் தம் நாவில் வைத்து, கண்களை மூடி, அது கரையும் வரை காத்திருந்தார்.

"இது என்ன ருசி?" என்று கேட்டார்.

"எண்பது சதவீதம் கொக்கோங்க. ரத்தக் குழாயை..."

"ருசியைக் கேட்டேன்."

மாசிலாமணி யோசித்தார். நான்கு ஆண்டுகளாக நாள் தவறாமல் விழுங்கியவர், ஒரு நாளும் அதை நாவில் கரையவிட்டதில்லை.

அம்மை மறு பாதியை அவர் உள்ளங்கையில் வைத்தார். "அவங்ககிட்டக் கொடுங்க. அவங்க சொல்வாங்க."

பொற்கொடி காலடிச் சத்தத்தை வைத்தே கணவரைக் கண்டுகொண்டாள்.

"என்ன மருந்துக்காரரே, உத்தரவு கிடைச்சுதா?"

"அம்மா கொடுக்கச் சொன்னாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "காலையில சக்கரை பார்த்துடலாம். இருநூறுக்குக் கீழ வந்துட்டா, நானே ஊட்டிவிடறேன்."

"கல்யாணச் சாப்பாட்டுலயே என் இலையில இருந்து ஜாங்கிரியை எடுத்த ஆளுதானே நீங்க!" அவள் சிரிக்க முயன்றாள், இருமல் வந்தது. "சரி, மோந்தாவது பார்க்கறேன். மோந்தா சக்கரை ஏறாதில்ல?"

அவர் துண்டை அவள் மூக்கருகே பிடித்தார். அவள் நெடுநேரம் மூச்சை இழுத்தாள்.

"வறுத்த புளியங்கொட்டைங்க. பள்ளிக்கூடத்துல பாவாடை மடிப்புல ஒளிச்சு வெச்சுத் திம்போம். அதே வாசனை." கண்களைத் திறந்தாள். "உங்களுக்கு அப்படித் தெரியலையா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் அவர். பாதித் துண்டை வியாழக்கிழமை அறைக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் காலை அவள் விரல் நுனியில் ஊசி குத்திச் சொட்டு ரத்தம் எடுத்தார். நூற்றுப் பத்து. நான்கு ஆண்டுகளில் சர்க்கரை பார்க்கும் கருவி அவருக்குக் காட்டிய எண்களிலேயே நல்ல எண் அதுதான். இரண்டு நாட்களாக அவள் உள்ளே எதுவும் இறங்கவில்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. நடைவழியில் எதிர்ப்பட்ட செவிலியிடம், "நூத்திப் பத்து, நூத்திப் பத்து!" என்று கருவியைத் தூக்கிக் காட்டினார். அவள் வாயைத் துடைக்க வெந்நீர் எடுத்துவரப் போனார்.

திரும்பி வந்தபோது பொற்கொடியின் மூச்சு நின்றிருந்தது.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து, பாதித் துண்டை அவள் உதடுகளுக்கிடையே வைத்துக் காத்திருந்தார். வெந்நீர் ஆறிப்போனது. அம்மை வந்து அவர் தோளைத் தொட்டபோதும் அந்தத் துண்டு கரையாமல் முனை மழுங்காமல் அப்படியே இருந்தது.

பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த மறுநாள் அவர் மறுபடியும் இல்லத்துக்கு வந்தார். அம்மையின் முன் பெட்டியை வைத்தார். ஆறு அறைகள் காலியாக இருந்தன. ஏழாவதில் அந்தப் பாதித் துண்டு வெளுத்துக் கிடந்தது.

"இதை எறியவும் முடியலைங்க, வெச்சிருக்கவும் முடியலைங்க. என்ன செய்யட்டும் அம்மா?"

மணி நான்கு ஆகியிருந்தது. பழக்கத்தில் அவர் கை பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை நோக்கிப் போனது. அம்மை செம்பை எடுத்துத் தம் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இருதயத்துக்கு நல்லதுன்னு எங்க எல்லாருக்கும் சொன்னவர் நீங்க. சாப்பிடுங்க ஐயா. இந்தத் தடவை தண்ணி வேண்டாம்."