கையேட்டில் இல்லாத ஆப்ஷன்

திருப்பூரில் பின்னல் இயந்திரங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே கையேடு எழுதப் புதிதாகச் சேர்ந்தவள் பூங்கொடி; புரோகிராம் எழுதவும் தெரிந்தவள். தலைமைப் பொறியாளர் ரத்தினசபாபதி நினைத்தபோது புது ஆப்ஷன் சேர்ப்பார், பழையதைத் தூக்குவார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அப்படி அவர் தூக்கிய ஒன்றைக் கையேட்டில் பார்த்து நம்பிய மில்லில் ஒரு லோடு துணி பாழாய்ப் போனது.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவர் கத்தினார். “இனி கையேட்டுல தப்பு வந்தா உனக்கு வேலை இல்லம்மா. மாத்துறதையெல்லாம் உன்கிட்ட வந்து சொல்லிட்டிருக்க எனக்கு நேரமில்ல!”

 பூங்கொடி பணிவாகக் கேட்டாள்: “சரிங்க சார். அப்ப கையேடும் சாஃப்ட்வேரும் ஒத்துப்போகணும்; கையேட்டுல இல்லாதது சாஃப்ட்வேர்லயும் இருக்கக் கூடாது, அப்படித்தானுங்களே?”

“அதத்தானே சொல்றேன்!”

மீட்டிங்கில் இருந்த கம்பெனி முதலாளியும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலையே அனுமதியாக வைத்து, அவள் சாஃப்ட்வேருக்குள் ஒரு சோதனையைச் சேர்த்தாள். கையேட்டில் இல்லாத எந்த ஆப்ஷனும் இனி ஓடாது.

அடுத்த வாரம் பெரிய மில்காரர் ஒருவர் சாஃப்ட்வேர் வாங்க வந்தார். ரத்தினசபாபதி தன் புது ஆப்ஷனைப் பெருமையாகத் தட்டினார். திரையில் ஒரு வரிதான் வந்தது: ‘இது கையேட்டில் இல்லை. பூங்கொடியிடம் சொல்லவும்.’

“என்னம்மா இது?” என்று சீறினார்.

“நீங்க சொன்னபடிதானுங்க சார்.”

மில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “எழுதாதது எதுவும் ஓடாதுங்களா? இனி என் துணி பிழைச்சுக்கும். எனக்கு இதையே போடுங்க.”

 ரத்தினசபாபதி ஒரு நாற்காலியை இழுத்துப் பூங்கொடி பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“எழுதிக்கம்மா,” என்றார்.