சூரியனோட ஓரத்தைப் பாக்கப் போன கண்ணாடி

ஒரு ஊர்ல ஒரு கண்ணாடி இருந்துச்சாம். காலை ஆட்டாமப் படுடி முகை. "ம்" கொட்டினாத்தான் சொல்லுவேன். ம்... அப்படி வா வழிக்கு.

அது ராக்கெட்ல ஏறி சூரியனைப் பாக்கப் போற கண்ணாடி. சூரியனைச் சுத்தி வெள்ளையா நெருப்பு இருக்கு. அங்கேர்ந்துதான் புயல் கிளம்பி வந்து நம்ம போன், கரண்ட் எல்லாத்தையும் படுக்க வெக்கும். ஆனா நடுவுல சூரியன் பளீர்னு எரியறதால அந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால நடுவை மறைச்சுட்டு ஓரத்தை மட்டும் பாக்கணும். கண்ணாடில ஒரு தூசி இருந்தாலும் போச்சு, அது மின்னி எல்லாத்தையும் கெடுத்துடும்.

அதைத் துடைக்கிறது யாரு? உன் பெரியம்மா, நானேதான்! கண்ணாடி இருக்கற ரூமுக்குள்ள பூ, பொட்டு, பவுடர் எதுவும் கூடாது.

அப்போ உனக்கு மூணு மாசம். உங்கம்மா குளிப்பாட்டி பவுடரை அப்பி வெச்சிருந்தா. மனசு கேக்கல, கன்னத்தோட கன்னம் வெச்சுக் கொஞ்சிட்டு வேலைக்கு ஓடிட்டேன். மூஞ்சி கழுவினேனா? இல்ல. எருமை நான்!

நான் துடைச்சு முடிச்சதும், சூரியனுக்குப் பதிலா விளக்கைப் போட்டு கண்ணாடியைச் சோதிச்சாங்க. மினுக்! இருட்டா இருக்க வேண்டிய இடத்துல ஒரு புள்ளி. "விளக்குலதான் கோளாறு, கண்ணாடியைப் பெட்டில வெச்சு மூடுங்க"ன்னாங்க எல்லாரும். நான் கன்னத்தைத் தொட்டுப் பாத்தேன், விரல்ல பவுடர். சொன்னா வேலை போயிடும். சொல்லாட்டி, மேல போய் யாரு துடைக்கிறது?

பெரிய அதிகாரி கோமளவல்லி மேடம்கிட்ட போய் நின்னேன்.

"மேடம், அது என் மூஞ்சி பவுடர்."

"ரூல் தெரியாதா பொன்னுத்தாய்?"

"தெரியும் மேடம். தப்புதான்."

"முதல்ல துடை."

துடைச்சேன். மினுக்! ரெண்டாந்தடவை துடைச்சேன். மினுக்! மூணாந்தடவை மூச்சைப் புடிச்சுக்கிட்டுத் துடைச்சேன். கும்மிருட்டு!

முழிச்சிருக்கியா? ம்.

அன்னிக்கே என்னை ஸ்டோர் ரூமுக்கு மாத்திட்டாங்க. ஓன்னு அழுதேன். அப்புறம் ராக்கெட் டமடமன்னு கிளம்புச்சு. கண்ணாடி பதினஞ்சு லட்சம் கிலோமீட்டர் போய் நின்னு சூரியனைப் பாத்துச்சு.

முதல் படம் வந்த அன்னிக்கு, சயின்டிஸ்ட் எல்லாம் கதவுகிட்ட முண்டியடிச்சு நிக்கிறாங்க. மேடம் வழியை மறிச்சுட்டு, என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

"பொன்னுத்தாய் பாக்கட்டும். அப்புறம் நீங்க."

நடுவுல இருட்டு, சுத்தி வெள்ளைவெளேர்னு நெருப்பு. ஒரு புள்ளி இல்லடி! மொத மொத பாத்தது உன் பெரியம்மா!

அடுத்த கண்ணாடி, புயல் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லணுமாம். அதைத் துடைக்க நான்தான் வரணும்னு மேடம் நேத்து போன் பண்ணாங்க.

கதை சூரியன் பக்கம் போயாச்சு, நீ தூக்கத்துப் பக்கம் போ.